கோ-ஆப் பணிக்கு எந்த ஆவணக் காப்பகம்? நான்கு வாய்ப்புகளும் ஒரு கேள்வியும்

வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆவணக் காப்பியல் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர், சென்ற பிப்ரவரியில் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். மே மாதம் தொடங்கும் கோ-ஆப் பணிக்காக அவர் விண்ணப்பித்திருந்த நான்கு இடங்கள் அதில் எழுதப்பட்டிருந்தன: ஒரு மாநகராட்சியின் ஆவணக் காப்பகம், ஒட்டாவாவிலும் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கட்டினோவிலும் இயங்கும் கூட்டாட்சி அரசின் தேசியக் காப்பகம், ஒரு பெரிய பொது நிறுவனத்தின் பதிவேட்டு மேலாண்மைப் பிரிவு, கிறித்தவத் துறவற சபை ஒன்றின் சிறிய காப்பகம். இவற்றில் எதை விரும்ப வேண்டும், பெயரைப் பார்த்துத் தேர்வதா, வேலையைப் பார்த்துத் தேர்வதா என்று அவர் கேட்டார். அதே பல்கலைக்கழகத்தில் படித்து, இரண்டு கோ-ஆப் பருவங்களை முடித்து, இன்று மாணவர்களை மேற்பார்வையிடும் நிலையில் இருக்கும் எனக்கும் உடனே பதில் வரவில்லை. அன்று சொல்ல முடியாததைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கோ-ஆப் என்பது நம் ஊர்க் கல்லூரிகளில் கடைசிப் பருவத்தில் வரும் சம்பளமில்லாப் பயிற்சியைப் போன்றதன்று. மாணவர் தன் விவரக் குறிப்பையும் விண்ணப்பக் கடிதத்தையும் அனுப்பி, நேர்காணலுக்குச் சென்று, மற்றவர்களோடு போட்டியிட்டுப் பெறும் முழுநேர வேலை அது. பெரும்பாலும் நான்கு மாதங்கள் நீளும். மாதச் சம்பளம் உண்டு. அந்தப் பருவத்தில் பாடங்கள் நின்றுவிடுவதால் பட்டம் முடியும் காலம் தள்ளிப்போகிறது. பல்கலைக்கழகத்துக்குத் தனியாகக் கட்டணமும் கட்ட வேண்டும், முடிவில் அறிக்கையும் எழுத வேண்டும். ஆகவே தவறான தேர்வு என்பது வெறும் நான்கு மாதச் சலிப்போடு முடிந்துவிடுவதில்லை. இரண்டாண்டுப் படிப்பில் அப்படிப்பட்ட பருவங்கள் ஒன்றோ இரண்டோதான் வாய்க்கும்.

இந்தப் பட்டம் 1981இல் தொடங்கியது. வட அமெரிக்காவில் ஆவணக் காப்பியலுக்கென்றே தனியாக ஏற்பட்ட முதல் முதுகலைப் பட்டம் இது. அதே ஆண்டின் மே மாத இறுதியில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது தெரிந்தும், அந்த ஆண்டை எழுதும்போதெல்லாம் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.

வகுப்பறையில் கற்றுத் தரப்படுவதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஓர் ஆளோ நிறுவனமோ தன் வாழ்க்கைப் போக்கில் உருவாக்கிய தாள்களை வேறொருவருடைய தாள்களோடு கலக்கக் கூடாது என்று 1841இல் பிரான்சில் வகுக்கப்பட்ட விதி, ஆவணங்களை விவரிப்பதற்கான கனடிய விதித்தொகுப்பு, ஒரு ஆவணம் தான் சொல்லிக்கொள்வதுபோல உண்மையானதுதானா என்று சோதிக்கும் பழைய ஐரோப்பியக் கலை, அதே கேள்வியைக் கணினிக் கோப்புகளுக்கு எழுப்பி லூசியானா டுராண்டியின் தலைமையில் இதே பல்கலைக்கழகத்திலிருந்து நடந்த இன்டர்பேர்ஸ் ஆய்வு, இவையெல்லாம் படித்து அறியக்கூடியவை. படித்து அறிய முடியாதது ஒன்றுண்டு: யாரோ ஒருவருடைய தாள்களைப் பற்றி ஒரு முடிவெடுத்து, அந்த முடிவுக்குப் பொறுப்பேற்பது. எனவே எந்த வாய்ப்பையும் நான் ஒரே கேள்வியால்தான் அளப்பேன். அந்த நான்கு மாதங்களில் எந்த முடிவு மாணவருடைய கைக்கு வரும், அவர் எடுத்த முடிவை யார் உட்கார்ந்து படித்துத் திருத்துவார்? இந்தக் கேள்வியின் இரண்டாம் பாதிதான் பெரும்பாலான மாணவர்களுக்குத் தோன்றுவதில்லை.

மாநகராட்சிக் காப்பகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆவணக் காப்பாளர் என்றவுடன் பொதுமக்கள் மனத்தில் எழும் படம் இதுவே: சாம்பல் நிற அட்டைப் பெட்டிகள், அமிலமில்லா உறைகள், ஆய்வறையில் பேனாவுக்குத் தடை, பென்சிலுக்கு மட்டும் அனுமதி. கனடாவில் இவ்வகைக் காப்பகங்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மாநகராட்சியின் அலுவலகப் பதிவேடுகளை மட்டுமல்லாமல், அந்த நகரில் வாழ்ந்த தனியார், சங்கங்கள், கடைகள், நிழற்படக் கலைஞர்கள் ஆகியோருடைய தாள்களையும் அவை ஏற்கின்றன. வான்கூவர் நகரக் காப்பகத்தையே சான்றாகப் பார்க்கலாம். 1933இல் மேஜர் மேத்யூஸ் என்ற தனிமனிதரின் பிடிவாதத்தால் அது உருவானது. சேகரம் யாருக்குச் சொந்தம் என்று அவர் மாநகராட்சியோடு சண்டையிட்டதும், 1970இல் இறக்கும் வரை அந்தப் பதவியை விடாததும் இத்துறையில் இன்றும் பேசப்படுகின்றன. கோமகதா மாரு கப்பலில் 1914இல் வந்து, கரையிறங்க அனுமதியின்றித் துறைமுகத்திலேயே காத்துக்கிடந்த பயணிகளின் நிழற்படங்கள் அங்கே இருக்கின்றன. 2010 குளிர்கால ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் ஆவணங்களும் இருக்கின்றன. 1972இல் திறக்கப்பட்ட அதன் கட்டடம் நிற்கும் வானியர் பூங்கா, 1913இல் ஸ்குவாமிஷ் மக்கள் வெளியேற்றப்பட்ட குடியிருப்பு நிலத்தின் ஒரு பகுதி. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெட்டியைத் திறக்கும் மாணவர், தாளை மட்டுமல்லாமல் தாளுக்கு அடியில் உள்ள நிலத்தையும் பற்றி யோசிக்க வேண்டியவராகிறார்.

இங்கே மாணவருக்குக் கிடைக்கும் வேலை பெரும்பாலும் ஒன்றே. பல ஆண்டுகளுக்கு முன் கொடையாக வந்து, ஆளில்லாமல் தேங்கிக் கிடக்கும் ஒரு தொகுதியை எடுத்து, ஒழுங்கமைத்து, விவரித்து, ஆய்வாளர் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவருதல். கேட்பதற்கு எளிது. என் முதல் கோ-ஆப் பருவத்தில், வேறொரு சிறு நகரின் காப்பகத்தில், மரக்கடை ஒன்றின் 38 பெட்டிகள் எனக்குத் தரப்பட்டன. முதல் வாரத்திலேயே கடிதங்களையெல்லாம் தேதிவாரியாக அடுக்கிவிட்டேன். மிக நேர்த்தியாக இருந்தது. மேற்பார்வையாளர் வந்து பார்த்தார், சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, கடைக்காரர் அந்தக் கடிதங்களை எப்படி வைத்திருந்தார் என்று மட்டும் கேட்டார். கடன் கொடுத்தவர்கள் ஒரு கட்டு, கடன் வாங்கியவர்கள் ஒரு கட்டு, பதில் எழுத விரும்பாதவர்கள் ஒரு கட்டு என்று அவர் கட்டி வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்றாவது கட்டில் எந்தெந்தக் கடிதங்கள் இருந்தன என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. முதல் நாள் நான் எடுத்த சில படங்களைக் கொண்டு பாதியை மீட்டோம். மூல ஒழுங்கைக் காக்க வேண்டும் என்பதைத் தேர்வில் மூன்று பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான் நான்.

இத்தகைய தவறு நேர்வதற்கும், அது உடனே கண்ணில் படுவதற்கும், மீட்க முடிந்ததை மீட்பதற்கும் ஏற்ற இடம் நடுத்தர அளவுள்ள காப்பகமே. அங்கே தொழில் தெரிந்தவர்கள் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். மாணவர் எழுதிய விவரிப்பு இணையத்தில் ஏறுவதற்கு முன் அவர்களில் ஒருவராவது அதை வரிவரியாகப் படிப்பார். குறையும் உண்டு. ஆவணத்தின் வாழ்க்கையில் கடைசிக் கட்டத்தைத்தான் இங்கே பார்க்க முடிகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற பெரிய முடிவு எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது. மாணவர் அதன் விளைவைத் துடைத்து அடுக்குகிறார். இத்தகைய காப்பகங்களில் நிரந்தர வேலை அரிதாகவே காலியாகிறது என்பதையும் மறைக்கக் கூடாது.

தேசியக் காப்பகத்தின் கவர்ச்சி வேறு வகையானது. 1872இல் டக்ளஸ் பிரிம்னர் என்ற பத்திரிகையாளரைக் கனடிய அரசு முதல் ஆவணக் காப்பாளராக நியமித்தபோது, அவருக்குக் கிடைத்தவை மூன்று வெற்று அறைகளும் தெளிவில்லாத உத்தரவும்தான் என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த கதை. இன்று அந்த மூன்று அறைகளின் வாரிசு, தேசிய நூலகத்தோடு 2004இல் இணைக்கப்பட்டுக் கனடா நூலகமும் ஆவணக் காப்பகமும் என்ற ஒரே நிறுவனமாக நிற்கிறது. கட்டினோவில் 1997இல் திறக்கப்பட்ட அதன் பாதுகாப்பு மையம், கண்ணாடியும் எஃகுமான ஓட்டுக்குள் காங்கிரீட் கட்டடம் ஒன்றை வைத்து, அதற்குள் 48 பெட்டக அறைகளை அடுக்கிய விந்தையான அமைப்பு. ஆவணக் காப்பியல் படிக்கும் எவரும் ஒருமுறையேனும் அதற்குள் நடந்து பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நடந்து பார்ப்பதற்காக நான்கு மாதங்களைக் கொடுக்கலாமா என்பதே கேள்வி.

பெரிய நிறுவனத்தில் வேலை நுணுக்கமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மாணவருக்கு வரக்கூடிய பணிகளில் ஒன்று, தகவல் கேட்டு வந்த விண்ணப்பங்களுக்காகப் பழைய அரசுக் கோப்புகளைப் பக்கம் பக்கமாகப் படித்து, வெளியிடத்தக்கதையும் மறைக்க வேண்டியதையும் பிரிப்பது. இதை வெறும் கறுப்பு மையடிக்கும் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கனடாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெயர்வாரித் தாள்கள் 92 ஆண்டுகள் கழித்தே பொதுவில் வருகின்றன. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2023இல்தான் திறக்கப்பட்டது. தனிமனிதரின் மறைவுரிமைக்கும் வரலாற்றின் உரிமைக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதை ஒரு கோப்பின் மேல் கைவைத்துக் கற்பது பெரிய பாடம். 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பலில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரைக்கு வந்த ஏறத்தாழ 490 தமிழர்களைப் பற்றி அரசு எழுதிக் குவித்த தாள்களையும் என்றோ ஒரு நாள் ஒரு மாணவர் இப்படித்தான் பக்கம் புரட்டி, எதை மறைப்பது, எதைக் காட்டுவது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் அந்த மாணவர் காண்பது ஒரு சங்கிலியின் ஒரே ஒரு கண்ணியைத்தான். கோப்பு எங்கிருந்து வந்தது, யார் அதை வைத்துக்கொள்ள முடிவு செய்தார், அது எப்படி விவரிக்கப்பட்டது என்பவை வேறு தளங்களில் வேறு பிரிவுகள் பார்க்கும் வேலைகள். பிரெஞ்சு தெரியாதவருக்குப் பாதிக் கதவு மூடியே இருக்கும். பாதுகாப்புச் சோதனை முடிய வாரங்கள் ஆகும். அது தாமதமானால் தொடங்கும் தேதியே தள்ளிப்போகலாம். வான்கூவர் வீட்டை விட்டுவிட்டு நான்கு மாதத்துக்கு ஒட்டாவாப் பக்கம் அறை தேடுவது செலவுக்குரியது. இவை எல்லாவற்றுக்கும் எதிர்த்தட்டில் ஒரே ஒரு கனமான காரணம் இருக்கிறது: கூட்டாட்சி அரசில் மாணவராகப் பணியாற்றியவரை, பட்டம் முடித்த பின் வெளிப்போட்டி இல்லாமல் நிரந்தரப் பதவியில் அமர்த்த அரசு விதிகளில் வழி உண்டு. பிரெஞ்சு நன்கு தெரிந்து, ஒட்டாவாவிலேயே வாழ்க்கையை அமைத்துக்கொள்ள நினைப்பவருக்கு இந்த ஒரு காரணமே போதும். அப்படி நினைக்காதவருக்கு இது இரண்டாம் பருவத்துக்கான தேர்வு.

மூன்றாவது இடமான பதிவேட்டு மேலாண்மைப் பிரிவைப் பற்றித்தான் மாணவர்கள் மிகக் குறைவாக யோசிக்கிறார்கள். அங்கே பழைய தாளின் மணம் இல்லை. மருத்துவமனை நிர்வாகம், மின்வாரியம், பல்கலைக்கழகம், வங்கி என எதுவாக இருந்தாலும், காட்சி ஒன்றுதான்: நூற்றுக்கணக்கான ஊழியர்கள் ஷேர்பாயிண்ட் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தில் கோப்புகளைத் தம் மனம்போனபடி கொட்டி வைத்திருப்பார்கள், ‘புதியது’, ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்ற பெயர்களில் ஒரே அறிக்கை ஏழு இடத்தில் இருக்கும். எந்த வகைப் பதிவேட்டை எவ்வளவு காலம் வைத்திருப்பது, அதன்பின் அழிப்பதா, காப்பகத்துக்கு அனுப்புவதா என்று சொல்லும் கால அட்டவணையை எழுதுவதும் திருத்துவதும் மாணவரின் வேலையாக இருக்கும். இதில் சில வரிகளைச் சட்டமே எழுதிவிடுகிறது. வருமான வரிக் கணக்கேடுகளை அந்த வரியாண்டு முடிந்து ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது அப்படிப்பட்ட ஒரு வரி. மற்ற வரிகளுக்கு அலுவலகம் அலுவலகமாகச் சென்று, இந்தப் படிவத்தை ஏன் நிரப்புகிறீர்கள், யார் இதைத் திரும்பப் பார்க்கிறார்கள், வழக்கு வந்தால் எதைத் தேடுவீர்கள் என்று கேட்டுத்தான் எழுத வேண்டும்.

சலிப்பூட்டும் வேலை என்று இதை ஒதுக்குபவர்களிடம் நான் 2015இல் இதே மாநிலத்தில் நடந்ததை நினைவூட்டுவேன். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கே, கண்ணீர் நெடுஞ்சாலை என்று அழைக்கப்படும் சாலையோரம் முதற்குடிப் பெண்கள் பலர் கொல்லப்பட்டும் காணாமலும் போன விவகாரம் குறித்து ஒருவர் அரசிடம் தகவல் கேட்டார். அமைச்சக அலுவலகம் ஒன்றில் அது தொடர்பான மின்னஞ்சல்கள் அழிக்கப்பட்டன என்ற புகாரைத் தகவல் மற்றும் மறைவுரிமை ஆணையர் விசாரித்து, அந்த ஆண்டு அக்டோபரில் அறிக்கை வெளியிட்டார். நீக்கு, குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கு, மீட்புக் கோப்புறையிலிருந்தும் நீக்கு என்ற மும்முறை நீக்கம் அதன்பின் மாநிலம் முழுதும் வீட்டுப் பேச்சானது. அந்த மின்னஞ்சல்கள் எந்த ஆவணக் காப்பகத்தின் கதவையும் எட்டவே போவதில்லை. காப்பகத்தில் உட்கார்ந்து பெட்டிக்காகக் காத்திருப்பவருக்கு, எது பெட்டிக்குள் வரும் என்பதில் பங்கில்லை; அந்தப் பங்கு பதிவேட்டுப் பிரிவில் கால அட்டவணை எழுதுபவருக்கு இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற முடிவு, மதிப்பீடு என்ற பெயரில் வகுப்பில் ஒரு பருவம் முழுதும் விவாதிக்கப்படுவது, நடைமுறையில் இங்கே ஓர் அட்டவணையின் ஒரு வரியாக, ஒரு செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நிகழ்ந்துவிடுகிறது.

வேலைவாய்ப்பு என்ற கோணத்திலும் இது மற்ற மூன்றையும் முந்துகிறது. என்னோடு படித்தவர்களில் முதல் நிரந்தர வேலையைப் பதிவேட்டு மேலாண்மையில் பெற்றவர்களே அதிகம். அவர்களில் சிலர் பின்னர் காப்பகங்களுக்கு மாறினார்கள், சிலர் மாற விரும்பவில்லை. இந்த இடத்தின் ஆபத்து, மேற்பார்வையாளர் யார் என்பதில் இருக்கிறது. சில நிறுவனங்களில் பதிவேட்டுப் பிரிவு கணினித் துறையின் ஒரு மூலையாக இருக்கும். ஆவணக் காப்பியல் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். அங்கே போகும் மாணவர், கோப்புகளுக்குப் பெயர் மாற்றியும் பழைய பெட்டிகளைத் துண்டாக்கும் வண்டிக்கு அனுப்பியும் நான்கு மாதத்தைக் கழித்துவிடுவார். வேலை நடந்துவிடும், படிப்பு நடக்காது.

துறவற சபையின் காப்பகம் எனக்கு மிகவும் தயக்கம் தரும் வாய்ப்பு. அதனாலேயே அதைப் பற்றிக் கவனமாகச் சொல்ல வேண்டும். கனடாவில் 1,50,000க்கும் மேற்பட்ட முதற்குடிக் குழந்தைகள் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டுக் குடியிருப்புப் பள்ளிகளில் வைக்கப்பட்டார்கள். அப்பள்ளிகளில் பெரும்பாலானவற்றை நடத்தியவை திருச்சபைகளும் துறவற சபைகளும்தான். பள்ளியில் இறந்த குழந்தையின் பெயர், எங்கே அடக்கம் செய்யப்பட்டது, பெற்றோருக்குச் சொல்லப்பட்டதா என்பவற்றுக்கான விடைகள் சில வேளைகளில் ஒரு சபையின் நாட்குறிப்பில் ஒற்றை வரியாகக் கிடக்கின்றன. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் முன்வைத்த 94 கோரிக்கைகளில் 77ஆவது, இப்பள்ளிகளைப் பற்றிய ஆவணங்களை நாட்டின் காப்பகங்கள் அடையாளம் கண்டு அவற்றின் படிகளைத் தேசிய மையத்துக்கு அளிக்க வேண்டும் என்பது. அந்த மையம் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் ஆகிய நான்கும் தம் தகவல் மீது தமக்கே வேண்டும் என்று முதற்குடி மக்கள் வகுத்த நெறியையும் மாணவர்கள் வகுப்பில் படிக்கிறார்கள்.

ஆகவே இத்தகைய காப்பகத்தில் மாணவருடைய கைக்கு வரும் முடிவு மற்ற எல்லா இடங்களையும்விடப் பெரியதாக இருக்கலாம். ஒரு உறையின் மேல் ‘பள்ளி, பலவகை’ என்று எழுதிவிட்டுப் போவதா, உள்ளே இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுவதா என்பது, ஒரு குடும்பம் தன் பிள்ளையைக் கண்டுபிடிப்பதா இல்லையா என்பதாக மாறலாம். தயக்கத்துக்குக் காரணம், அந்த முடிவைப் படித்துத் திருத்த அங்கே பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. முதிய சகோதரி ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வருவார், அன்பானவர், எல்லாம் நினைவில் வைத்திருப்பவர்; ஆனால் தொழில்முறைக் காப்பாளர் அல்லர். பிரிம்னரின் மூன்று வெற்று அறைகளும் தெளிவில்லாத உத்தரவும் இங்கே இன்றும் உயிரோடு இருக்கின்றன. கூடவே, காப்பவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே நிறுவனமாக இருக்கும் இடத்தில், எதைத் திறப்பது என்று மாணவர் தனியாக வாதாட வேண்டி வந்தால் அவருக்குத் துணை யார்? முதல் பருவ மாணவரை அந்த நிலையில் நிறுத்துவது முறையன்று. அனுபவமுள்ள காப்பாளர் ஒருவரும், தொடர்புடைய முதற்குடிச் சமூகத்தோடு எழுத்துமூலமான உடன்பாடும் இருந்தால் என் கருத்து தலைகீழாக மாறும். அப்போது இதைவிடப் பயனுள்ள வேலையை நான் வேறெங்கும் காணவில்லை.

அந்தத் தாளில் இல்லாத ஐந்தாவது இடம் ஒன்றையும் மாணவி கேட்டார்: மென்பொருள் நிறுவனம். வான்கூவருக்குப் பக்கத்து நகரமான நியூ வெஸ்ட்மின்ஸ்டரில்தான் ஆர்ட்டிஃபாக்சுவல் இருக்கிறது. உலகெங்கும் காப்பகங்கள் தம் விவரிப்புகளை ஏற்றும் ‘ஆட்டம்’ (AtoM), கணினிக் கோப்புகளை நீண்டகாலம் காக்கும் ஆர்க்கிவ்மேட்டிக்கா ஆகிய திறமூல மென்பொருள்கள் அங்கே உருவானவை. இத்துறையில் வேலை தேடும் எவரும் இவ்விரண்டையும் கையாளத் தெரிந்திருப்பது நல்லது. இருப்பினும் அத்தகைய நிறுவனத்தில் செய்யும் பணி, மென்பொருளைச் சோதிப்பது, கையேடு எழுதுவது, ஒரு காப்பகத்தின் பழைய தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றுவது போன்றதாகவே இருக்கும். தாளில் ஒருமுறை ஒழுங்கைக் கலைத்துப் பார்த்து வருந்தியவருக்கு, கணினியில் ஒரு கோப்புறையை நகர்த்தும்போது என்ன கலைகிறது என்று புரியும். வருந்தாதவருக்கு அது தெரியாது. திரையில் எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். ஆகையால் இதையும் இரண்டாம் பருவத்துக்கே சொல்வேன்.

தமிழ் மாணவர்களிடம் மட்டும் காணும் ஒரு சபலத்தையும் சொல்லிவிடுகிறேன். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகம் தமிழ்ச் சேகரங்களில் அக்கறை காட்டுகிறது, அங்கே போகலாமே என்று மனம் இழுக்கும். மொழி தெரிந்தவருக்கு அங்கே உண்மையான தேவை இருக்கிறது. நூலக முறைப்படி ‘யாழ்ப்பாணம்’ என்பதைப் புள்ளியும் கோடும் இட்ட ரோமன் எழுத்தில் எழுதிவிட்டால், ‘ஜாஃப்னா’ என்று தேடுபவருக்கு அது அகப்படாது. குடும்பப் பெயரே இல்லாமல் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் ஒருவரை, குடும்பப் பெயரை முதலில் கேட்கும் கட்டத்தில் எப்படி நிரப்புவது என்பதற்கு விதிப்புத்தகம் அரைகுறையாகத்தான் பதில் சொல்கிறது. ஆனால் மொழி தெரிந்த ஒரே ஆளாக இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு: மாணவர் எழுதியது சரியா என்று பார்க்க மேற்பார்வையாளருக்கே முடியாமல் போகும். எல்லோரும் பாராட்டுவார்கள், ஒருவரும் திருத்தமாட்டார்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. கூட்டாட்சி அரசும் பெரிய பொது நிறுவனங்களும் சிறிய காப்பகங்களைவிடக் கூடுதலாகத் தருகின்றன. ஒட்டாவா வாடகை அந்தக் கூடுதலில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். சிறிய காப்பகங்கள் பல, யங் கனடா வொர்க்ஸ் போன்ற கூட்டாட்சி மானியத்தை நம்பியே மாணவரை அமர்த்துகின்றன. அந்த மானியம் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவாளருக்கும் ஏதிலி நிலை பெற்றவர்களுக்கும் மட்டுமே. கல்வி விசாவில் வந்தவருக்கு இல்லை. நம் மாணவி திருச்சியிலிருந்து வந்தவர் என்பதால், சபைக் காப்பகத்தின் சம்பளம் எந்த நிதியிலிருந்து வருகிறது என்பதை நேர்காணலுக்கு முன்பே கேட்டு அறியச் சொன்னேன். கேட்டபோது, மானியம்தான் என்று தெரிந்தது. அந்த வாய்ப்பு அத்தோடு போயிற்று. என் தயக்கங்களுக்கெல்லாம் வேலையே இல்லாமல் போயிற்று.

மிஞ்சியவற்றில் என் வரிசை இது: முதலில் மாநகராட்சிக் காப்பகம், அடுத்த பருவத்தில் பதிவேட்டுப் பிரிவு, தேசியக் காப்பகம் இப்போதைக்கு வேண்டாம். அவர் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் ஆய்வறையில் இரண்டு கோடைகளைக் கழித்தவர். மேசையின் இந்தப் பக்கத்தை அறிந்தவர் அந்தப் பக்கம் போய் உட்காருவதே முறையான தொடக்கம் என்று எண்ணினேன். நேர்காணலில் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்கச் சொன்னேன். நான் எழுதுவதை யார் படிப்பார்? ஆகஸ்ட் இறுதிக்குள் எது முடிந்திருக்க வேண்டும் என எதிர்பார்க்கிறீர்கள்? சென்ற முறை வந்த மாணவர் செய்ததை நான் பார்க்கலாமா?

மார்ச் நடுவில் மாநகராட்சிக் காப்பகமும் பதிவேட்டுப் பிரிவும் ஒரே வாரத்தில் அழைத்தன. பதில் சொல்ல இரண்டு நாள் அவகாசம். அவர் பதிவேட்டுப் பிரிவை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னபோது எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது, காரணம் கேட்டேன். மூன்றாவது கேள்விக்கு மாநகராட்சிக் காப்பகத்தில், சென்ற மாணவரின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். பதிவேட்டுப் பிரிவின் மேலாளர் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வந்தாராம். சென்ற மாணவர் எழுதிய கால அட்டவணையின் முதல் வரைவு, இரண்டாம் வரைவு, மூன்றாம் வரைவு என்று எல்லாம் அதில் வரிசையாக இருந்தன; முதல் வரைவில் அச்சடித்த எழுத்தைவிடப் பென்சில் எழுத்து அதிகமாக இருந்தது என்றார்.